முனிச் நகரத்து நீலமும் சம்பாரண் குடிகளும்

உலகத்தை மாற்றிய விஞ்ஞானிகள் யார் யார் என்று நமது இளைஞர் எவரையேனும் கேட்டால், நியூட்டன், டார்வின், பாஸ்டர், க்யூரி அம்மையார், ஐன்ஸ்டைன் என்று விரல் விட்டு எண்ணிவிடுவார். அந்த ஜாபிதாவில் நாம் குறை காண வரவில்லை. ஆனால் அதில் பெரும்பாலும் இடம் பெறாத ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி ஒருவர், நமது தேசத்தில் பல லக்ஷம் ஏக்கர் நிலத்தின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறார். அவர் பெயர் அடால்ஃப் ஃபான் பேயர். அவர் கண்டுபிடித்தது நீலச் சாயத்தின் ரசாயன அமைப்பு. முனிச் நகரத்துப் பரிசோதனைச் சாலையில் பிறந்த அந்த ஞானம், பீஹாரில் சம்பாரண் ஜில்லாக் குடியானவனின் குடிசை வாசலில் எந்த உருவத்தில் வந்து நின்றது என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். விஞ்ஞானத்தால் உலகத்துக்கு விளைந்தது நன்மையா தீமையா என்று மேடைதோறும் வாதம் நடக்கிறது. நாமும் அத்தகைய கூட்டங்களில் தலைமை வகித்ததுண்டு. இந்தச் சரித்திரத்தை ஊன்றிப் படித்த பிறகு, அந்தக் கேள்வியையே வேறு விதமாகக் கேட்டிருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவுரிச் செடி நமக்குப் புதியதன்று. திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் இன்றைக்கும் சிலர் அதைப் பயிர் செய்து நீலம் எடுத்து வருகின்றனர். புதுச்சேரியில் நீலம் தோய்த்த துணி ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கா வரையில் கப்பலேறியது. செடியைப் பார்த்தால் அதில் நீலம் இருப்பதாக எவனும் நினைக்கமாட்டான். இலை பச்சையாகத்தான் இருக்கும். தழையை அறுத்துக் கட்டுக் கட்டாகத் தொட்டியில் அமிழ்த்தி ஊற வைத்தால் நீர் புளித்து, மஞ்சள் கலந்த பச்சை நிறம் கொள்ளும். அந்த நீரைக் கீழ்த் தொட்டிக்கு இறக்கிவிட்டு, ஆட்கள் அதனுள் நின்றுகொண்டு காற்றுப் படும்படி அடித்துக் கலக்கவேண்டும். காற்றுப் பட்ட பின்னரே நீலம் பிறக்கிறது. பிறந்த நீலம் நீரில் கரையாமல் வண்டலாகி அடியில் தங்குகிறது. அதைக் காய்ச்சிப் பிழிந்து கட்டிகளாக அறுத்து உலர்த்துவார்கள். துணிக்கு ஏற்றும்போதும் இதே விந்தைதான். சாயத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போது மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும் துணி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றில் நீலமாகிவிடும். இந்தத் தொழிலைப் புத்தகம் இன்றியே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த சாயக்காரர்களின் திறமையை நாம் எத்தனை புகழ்ந்தாலும் தகும். ஆனால் பச்சை இலையில் மறைந்திருந்து காற்றில் வெளிப்படும் அந்தப் பொருள் யாது என்ற கேள்வியை நம் நாட்டில் எவரும் பரிசோதனை செய்து முடிவுகண்டாரில்லை. அதைக் கேட்டவர்கள் அயலார்.

கேட்டவர்கள் தங்கள் கேள்விக்கு நமது பெயரையே சூட்டினார்கள் என்பது ஒரு வேடிக்கை. கிரேக்கர் இச்சாயத்தை இந்தியாவின் சரக்கு என்ற பொருளில் 'இந்திகோன்' என்று வழங்கினர். அதுவே ஐரோப்பிய பாஷைகளில் இண்டிகோ ஆயிற்று. நமது 'நீலம்' என்ற சொல் அரபு வர்த்தகர்களிடம் 'அன்னீல்' என்றும், போர்ச்சுகீசியரிடம் 'அனில்' என்றும் திரிந்தது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், 1840-ஐ ஒட்டி, ஃபிரிட்ஸ்ஷே என்ற ரசாயனி நீலக் கட்டியைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெயைப் பெற்றார். அதற்கு 'அனிலின்' என்று பெயரிட்டார். சில வருஷங்களுக்குள் ஹாஃப்மன் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் எண்ணெய் ஒன்றும் இந்த அனிலினும் ஒரே பொருள் என்று நிரூபித்தார். ஊர்களுக்கு விளக்கெரிக்க நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த பின் மிஞ்சும் நாற்றம் பிடித்த கசடு அந்தத் தார். இந்தியாவின் வயலில் விளைவதும் லண்டன் நகரத்துக் குப்பையில் கிடப்பதும் உறவு முறையானவை என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. நமது தேசத்தில் இதைக் கவனித்தவர் எவருமில்லை.

1856-ல் அந்த ஹாஃப்மனிடம் உதவியாளராயிருந்த வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பிள்ளை, விடுமுறை நாளில் தன் வீட்டில் கொய்னா மருந்தைச் செயற்கையாக உண்டாக்க முயன்றான். கொய்னா வரவில்லை, கருநிறமான ஒரு கசடு வந்தது. அதைக் கழுவப் போனவன் அதில் ஊதா நிறம் ஒளிந்திருக்கக் கண்டான். தாரிலிருந்து எடுத்த சாயங்களின் யுகம் இப்படித் தொடங்கியது. 1868-ல் பெர்லினில் கிரேபே, லீபர்மன் என்ற இருவர் மஞ்சிட்டி வேரின் சிவப்பைத் தாரிலிருந்து செய்து காட்டினர். பிரான்ஸில் அவிஞோன் பக்கத்தில் அவ்வேரைப் பயிர் செய்து பிழைத்தவர்கள் சில வருஷங்களில் அத்தொழிலை இழந்தனர். நமது சோழமண்டலக் கரையின் சாயவேரில் இருக்கும் சிவப்பும் அதுவே. அந்த இருவரும் வேலை செய்தது பேயரின் பரிசோதனைச் சாலையில்.

பேயர் 1835-ல் பெர்லினில் பிறந்தவர். பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு இரண்டு தாலர் காசு கொடுத்து ஒரு நீலக் கட்டியை வாங்கினார் என்பார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் மிட்டாய் வாங்குவார்கள். 1865-ல் அவர் நீலத்தை ஆராயத் தொடங்கினார். இடையில் கெக்குலே என்ற பெரியவர் தாமும் அந்த வழியில் முயல்வதாகச் சொல்லவே, மரியாதையை உத்தேசித்துச் சில வருஷம் ஒதுங்கி நின்றார். பிறகு மீண்டும் தொடங்கினார். 1880-ல் செடியின் உதவியின்றி நீலத்தைச் செய்துவிட்டார். ஆயினும் அதன் உள்ளமைப்பு இன்னதென்று தெளிவாகவில்லை. மேலும் மூன்று வருஷம் உழைத்து, பதினாறு கரி அணுக்களும் பத்து ஹைட்ரஜன் அணுக்களும் இரண்டு நைட்ரஜன், இரண்டு பிராணவாயு அணுக்களும் அதில் எந்தெந்த இடத்தில் நிற்கின்றன என்பதை 1883-ல் பரிசோதனை வாயிலாக வகுத்துரைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளின் உள் வீட்டை, தொட்டுப் பார்த்தவர் போல அறைவாரியாகச் சொன்ன இந்தச் செயலை நாம் மனப்பூர்வமாக வணங்குகிறோம். கேள்வி ஒன்றைப் பதினெட்டு வருஷம் விடாமல் பற்றி நிற்கும் திடம், எந்த நாட்டில் இருந்தாலும் தவம் என்றே சொல்லத் தக்கது. 1905-ல் அவருக்கு நோபல் பரிசு அளித்தனர்.

ஆனால் பரிசோதனைச் சாலையில் ஒரு சிட்டிகை செய்வது வேறு. சந்தையில் மணங்குக் கணக்கில் விற்பது வேறு. பேயரின் முறைகளில் செய்த நீலம் செடி நீலத்தைவிட மிக அதிகமாகச் செலவு பிடித்தது. ஜெர்மனியில் ரைன் நதிக் கரையில் லூட்விக்ஸ்ஹாஃபன் என்ற ஊரிலுள்ள பாடிஷே அனிலின்–ஸோடா தொழிற்சாலை (பெயரிலேயே நமது நீலம் இருப்பதைப் பாருங்கள்) அதன் மேல் பணத்தைக் கொட்டத் தொடங்கியது. ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிச் நகரத்துப் பேராசிரியர் ஹாய்மன் 1890-ல் வேறொரு வழி காட்டினார். அவ்வழிக்கு மலிவான மூலப்பொருள் வேண்டியிருந்தது. அந்துருண்டைக்குப் பயன்படும் நாஃப்தலீன் தாரிலிருந்து ஏராளமாகக் கிடைக்கும். அதைக் கந்தகத் திராவகத்தில் காய்ச்சிப் பக்குவப்படுத்தினால் காரியம் ஆகும். அந்தக் காய்ச்சல் மிக மெதுவாக நடந்தது. ஒரு நாள் ஸாப்பர் என்ற ரசாயனியின் உஷ்ணமானி உடைந்து, அதிலிருந்த பாதரஸம் திராவகத்தில் விழுந்தது. உடனே காய்ச்சல் வேகமெடுத்தது. பாதரஸமே அதற்குத் தூண்டுகோல் என்று கண்டுகொண்டனர். தெய்வ சகாயம் என்று சிலர் சொல்லக்கூடும். உலகத்தில் எத்தனையோ உஷ்ணமானிகள் உடைகின்றன. உடைந்த இடத்தில் கவனித்துப் பார்க்கக் கற்ற மனிதன் நிற்கவேண்டும், அவனுக்குச் சம்பளம் கொடுத்து வருஷக் கணக்கில் காத்திருக்க ஒரு முதலாளியும் வேண்டும். அத்தொழிற்சாலை இந்த ஒரு சாயத்துக்காகச் செலவிட்ட தொகை ஒரு கோடியே எண்பது லக்ஷம் தங்க மார்க் என்று கணக்கிட்டிருக்கின்றனர். 1897-ல் அதன் நீலம் சந்தைக்கு வந்தது. அன்று முதல் செடி நீலத்தின் விலை இறங்கியது இறங்கியதுதான். இன்றைக்கு உலகத்தார் உடுத்தும் ஜீன்ஸ் துணிக்கு ஏறும் நீலம் அனேகமாக முழுவதும் செயற்கை நீலமே.

இந்தியாவில் இதற்கு எதிரில் நின்றவர்கள் யார்? பீஹாரின் வெள்ளைக்காரத் தோட்ட துரைமார்கள். நூறு வருஷமாக நீலத்தில் கொழுத்த இவர்கள் அதன் ரசாயனத்தைப் பற்றிச் சற்றும் கவலைப்பட்டவர்களல்லர். ஜெர்மன் சரக்கு வாசலில் வந்து நின்ற பின்னரே அலறிப் புடைத்துக்கொண்டு ரசாயன நிபுணர்களைத் தருவித்தனர்; இலையிலிருந்து இன்னும் கொஞ்சம் நீலம் கறக்க முடியுமா, ஜாவா விதை அதிகம் தருமா என்று சோதித்தனர். பயனில்லை. 1890-களின் நடுவில் இந்தியாவில் நீலம் விளைந்த நிலம் சுமார் பதினைந்து லக்ஷம் ஏக்கருக்கு மேல். 1914-ல் யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் அது இரண்டு லக்ஷம் ஏக்கருக்கும் கீழே போய்விட்டது. அதே வருஷங்களில் கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராய் அவர்கள் தமது ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ரசாயனத் தொழிற்சாலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். 1901-ல் அது கம்பெனியாயிற்று. அவரது மூலதனத்தை லூட்விக்ஸ்ஹாஃபன் முதலாளிகளின் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நமது தேசம் எந்த இடத்தில் நின்றது என்பது விளங்கும்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். 1900-ஆம் வருஷத்தில் அந்த ஜெர்மன் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிச் புருங்க் என்பவர் பெர்லினில் ரசாயன சாஸ்திரிகளின் சபையில் ஒரு பிரசங்கம் செய்தார். தமது தொழிற்சாலையில் அப்போது உண்டாகும் நீலம், இந்தியாவில் இரண்டரை லக்ஷம் ஏக்கர் நிலத்தில் விளையும் நீலத்துக்கு ஈடாகும் என்று அவர் கணக்குச் சொன்னார். இதனால் இந்தியாவுக்குப் பெரிய கேடு விளையும் என்று முதலில் தோன்றலாம். ஆனால் அடிக்கடி பஞ்சத்தால் வாடும் அத்தேசத்தில், விலை நிலையில்லாத ஒரு பயிருக்கு ஒதுக்கிய பரந்த நிலங்களில் இனி உணவுத் தானியம் விளையுமானால், அது அந்நாட்டுக்கு ஒரு பாக்கியமாகவே முடியலாம் என்பது அவர் பேச்சின் சாரம். அது வியாபாரியின் சாமர்த்தியப் பேச்சு என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அப்படித் தள்ளமாட்டோம். 1896-97-லும் 1899-1900-லும் இந்தியாவில் பெரும் பஞ்சங்கள் வந்தது உண்மை. நீலம் விளையும் நிலத்தில் நெல் விளைந்தால் குடியானவனுக்கு வயிறு நிறையும் என்பதும் உண்மை. புருங்க் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. அந்த நிலத்தில் எதை விதைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவனிடம் இருந்தது என்ற ஒரு விவரம் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

வங்காளத்தில் இந்த அதிகாரம் என்ன பாடுபடுத்தியது என்பது பலரும் அறிந்த கதை. 1859-60-ல் அங்குள்ள குடிகள் இனி நீலம் விதைப்பதில்லை என்று ஒன்றுகூடி மறுத்தனர். தீனபந்து மித்திரர் 'நீல தர்ப்பணம்' என்ற நாடகத்தை எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்துக்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் 1861-ல் ஒரு மாதம் சிறையிருந்தார். ஆயிரம் ரூபாய் அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கர் கோர்ட்டிலேயே கட்டினார். வங்காளத்தில் தொழில் குன்றிற்று. பீஹாரில் அது நிலைத்தது.

சம்பாரணில் பெரும்பகுதி நிலம் பேத்தியா ஜமீனுக்குச் சொந்தம். ஜமீன் கடனில் மூழ்கியிருந்தது. கிராமங்களைத் துரைமார்கள் குத்தகைக்கு எடுத்தனர். 1880-களின் கடைசியில் ஜமீனுக்காக இங்கிலாந்தில் வாங்கிய கடனுக்கு ஈடாகப் பல கிராமங்கள் அவர்களுக்குச் சாசுவதக் குத்தகையாகவே போயின. 1897 முதல் ஜமீன் சர்க்காரின் நிர்வாகத்துக்கு வந்தது. கிராமம் குத்தகைக்கு வந்ததும் அதிலுள்ள குடிகளும் கைக்கு வந்ததுபோல் துரைமார் நடந்துகொண்டனர். அங்கே ஒரு பீகா நிலம் என்பது இருபது கட்டா. அதில் மூன்று கட்டாவில், நிலத்தில் நல்ல பாகமாகத் துரையின் ஆட்கள் குறிப்பிட்ட இடத்தில், குடியானவன் நீலம் விதைத்தே தீரவேண்டும். இதற்குத் 'தீன் கட்டியா' என்று பெயர். அதற்குக் கொடுக்கும் விலை, விளைச்சலைப் பார்த்தன்று, நிலத்தின் அளவைப் பார்த்துத் துரை நிர்ணயித்தது. உழுது விதைத்துக் களையெடுத்து வெட்டும் செலவுக்கே அது போதவில்லை. மறுத்தால் அடி, அபராதம், மாடு பறிமுதல். நீலம் என்ற சொல்லைக் கேட்டாலே குடிகள் நடுங்கினர்.

இப்பொழுது வாசகர்கள் சற்று யோசிக்கவேண்டும். இப்படிப்பட்ட குடியானவனுக்கு, நீலத்தின் விலை விழுந்தது என்ற செய்தியைவிட இனிய செய்தி வேறு உண்டா? ஜெர்மனியில் யாரோ ஒரு புண்ணியவான் செடியில்லாமல் நீலம் செய்துவிட்டார். இனித் துரைக்கு நமது மூன்று கட்டா வேண்டாம். அதில் நாம் நெல்லோ சோளமோ விதைக்கலாம். நியாயப்படி இதுதான் நடந்திருக்கவேண்டும். புருங்க் எதிர்பார்த்ததும் இதுவே. நடந்தது வேறு.

நீலத்தில் இனி லாபமில்லை என்று துரைமார்கள் கண்டுகொண்டதும், தங்கள் நஷ்டத்தைக் குடிகளின் தலையில் இறக்க வழி தேடினர். குடிகளைக் கூட்டி, "நீலம் விதைக்கும் கடமையிலிருந்து உங்களை விடுவிக்கிறோம்; அதற்கு விலை கொடுங்கள்" என்ற பேச்சைத் தொடங்கினர். இங்கே சட்டத்தின் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். வங்காளக் குடிவாரச் சட்டப்படி ஒப்பந்தத்தினால் வாரத்தை ரூபாய்க்கு இரண்டணாவுக்கு மேல் உயர்த்தக்கூடாது. ஆனால் குறிப்பிட்ட பயிரைச் செய்யும் கடமைக்காக வாரத்தைக் குறைத்து வைத்திருந்து, பின்பு அந்தக் கடமையை நீக்குவதானால், அந்த வரம்பு தடையாகாது என்ற விலக்கு ஒன்று சட்டத்திலேயே இருந்தது. குடியைக் காக்க எழுதிய சட்டத்தில் குடியை நெரிக்கும் கயிறும் இருந்தது. சாசுவதக் குத்தகை கிராமங்களில் துரைமார் இந்த வழியைப் பற்றி வாரத்தை ஒரேயடியாக உயர்த்தினர். அதற்கு 'ஷரஹ்பேஷி' என்று பெயர். தாற்காலிகக் குத்தகை கிராமங்களில் வாரத்தை உயர்த்தினால் குத்தகை முடிந்ததும் அந்த லாபம் ஜமீனுக்குப் போய்விடுமாகையால், அங்கே மொத்தப் பணமாகக் கேட்டனர். அதற்குத் 'தாவான்' என்று பெயர்; நஷ்ட ஈடு என்று பொருள். யாருடைய நஷ்டத்துக்கு யார் ஈடு கொடுப்பது என்று பாருங்கள்.

தாவான் பொதுவாக நீலக் கடமையுள்ள நிலத்தில் பீகாவுக்குச் சுமார் நூறு ரூபாய். இத்தொகையின் கனத்தைச் சென்னைப் பட்டணத்தில் நாற்காலியில் உட்கார்ந்து உணர முடியாது. ஐந்து பீகா நிலமுள்ள ஒரு குடியை எடுத்துக்கொள்வோம். தீன் கட்டியாப்படி அவனுக்குப் பதினைந்து கட்டா, அதாவது முக்கால் பீகா நீலக் கடமை. அதிலிருந்து விடுபட எழுபத்தைந்து ரூபாய். அப்போது சம்பாரணில் ஆண் கூலியாளுக்கு நாளுக்கு இரண்டரை அணாவுக்கு மேல் கிடைப்பதில்லை என்றும், பெண்ணுக்கு ஒன்றரை அணா, பிள்ளைக்கு முக்கால் அணா என்றும் காந்தியடிகள் தமது சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். எழுபத்தைந்து ரூபாய் என்பது ஆயிரத்து இருநூறு அணா. கணக்குப் போட்டால் நானூற்று எண்பது நாள் கூலி! கையில் ரொக்கம் இல்லாதவன் பத்திரம் எழுதிக் கொடுத்தான். பத்திரத்துக்கு வட்டி ஏறியது. துரைக்கு இனி எதற்கும் உதவாத ஒரு கடமையை விலைக்கு வாங்க, குடி தன் வருங்காலத்தை அடகு வைத்தான்.

முனிச்சில் பேயரின் ஞானம், லூட்விக்ஸ்ஹாஃபனில் புருங்கின் பணம், பேத்தியாவில் துரையின் குத்தகைச் சீட்டு, இம்மூன்றும் சேர்ந்து, நன்மையாக வந்திருக்கவேண்டியதைக் கடன் பத்திரமாக மாற்றிக் குடிசை வாசலில் கொண்டுவந்து கொடுத்தன. இதில் பேயரை நாம் குற்றம் சொல்லமாட்டோம். இலையிலுள்ள உண்மையைக் கண்டவர் அவர். குத்தகைச் சீட்டை எழுதியவர் அவரல்லர். புருங்கைக்கூட நாம் மன்னிப்போம். விஞ்ஞானமே வேண்டாம், செடி நீலமே சிறந்தது என்று உபதேசிக்கும் நண்பர்கள் நம்மில் இருக்கின்றனர். செடி நீலத்தின் பொற்காலத்தில் குடியானவனின் முதுகில் எத்தனை தழும்பு இருந்தது என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அதேபோல், புதிய விதையோ புதிய யந்திரமோ வரும்போதெல்லாம் கைகொட்டி வரவேற்கும் நண்பர்களும், அதனால் மிச்சமாகும் உழைப்பும் நிலமும் யார் பெயரில் பதிவாகின்றன என்று கேட்டுவிட்டுக் கைகொட்டுவது நலம்.

தாவான் வாங்கும் வேலை பெரும்பாலும் 1911-க்குப் பிறகு மும்முரமாக நடந்தது. 1914-ல் யுத்தம் மூண்டது. ஜெர்மன் சாயம் வருவது நின்றது. செத்துப்போனதாக நினைத்த செடி நீலத்தின் விலை திடீரென ஏறியது. துரைமார் மீண்டும் விதைக்கச் சொல்லலாயினர். விலை விழுந்தபோது நஷ்டம் குடிக்கு. ஏறியபோது லாபம் துரைக்கு.

1916 டிசம்பரில் லக்ஷ்மணபுரிக் காங்கிரஸில் ராஜகுமார் சுக்லர் என்ற சம்பாரண் குடியானவர் காந்தியடிகளைக் கண்டு, விடாமல் பின்தொடர்ந்து, மறு வருஷம் ஏப்ரலில் அவரைப் பீஹாருக்கு அழைத்துச் சென்ற சரித்திரம் நமது வாசகர்களுக்குத் தெரியும். ஜில்லாவைவிட்டு வெளியேறும்படி ஏப்ரல் 16-ந் தேதி உத்தரவு பிறந்ததும், 18-ந் தேதி மோதிஹாரி கோர்ட்டில் காந்தியடிகள் உத்தரவை மீறியதை ஒப்புக்கொண்டதும், சர்க்கார் வழக்கை வாபஸ் வாங்கியதும் பலமுறை எழுதியாயிற்று. நாம் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அதன் பிறகு நடந்த வேலை. ராஜேந்திர பாபு, பிரஜகிஷோர் பாபு முதலிய வக்கீல்கள் மாதக் கணக்கில் உட்கார்ந்து ஆயிரக் கணக்கான குடிகளின் வாக்குமூலங்களை எழுதினர். ஒவ்வொரு குடியையும் குறுக்கு விசாரணை செய்யவேண்டும், ஆதாரமில்லாத பேச்சைத் தள்ளவேண்டும் என்பது காந்தியடிகளின் கட்டளை. போலீஸ் உத்தியோகஸ்தர் உடனிருந்து கேட்பதற்கும் அவர் தடை சொல்லவில்லை. தாவான் பணம் எவ்வளவு, பத்திரம் எந்தத் தேதி, ஷரஹ்பேஷிக்கு முன் வாரம் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தாளில் ஏறிற்று. ஆவேசமான பிரசங்கங்கள் அங்கே நடக்கவில்லை. பேயர் ஒவ்வொரு அணுவும் நிற்கும் இடத்தைப் பதினெட்டு வருஷம் தேடியதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்ததோ, அந்த ஜாதிப் பொறுமையே இங்கும் வேண்டியிருந்தது. அரசியல் ஊழியம் என்றால் கோஷம் என்று நினைக்கும் நமது இளைஞர்கள் அந்தக் கோடைகாலத்தின் தஸ்தாவேஜுகளைப் பற்றிப் படித்துப் பார்க்கவேண்டும்.

ஸர் பிராங்க் ஸ்லை தலைமையில் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தது. காந்தியடிகளும் அதில் ஓர் அங்கத்தினர். கமிட்டி வேலை செய்துகொண்டிருந்த 1917 ஆகஸ்டில், ஜெர்மனியில் பேயர் தமது எண்பத்தோராவது வயதில் காலமானார். அக்டோபரில் கமிட்டியின் அறிக்கை வந்தது. அதன் பேரில் பிறந்த 1918-ஆம் வருஷத்துச் சம்பாரண் நிலச் சட்டம் தீன் கட்டியாவை அடியோடு ஒழித்தது. யுத்தம் முடிந்து ஜெர்மன் சாயம் திரும்பி வந்தபோது, குடிகளைக் கட்டாயப்படுத்தி நீலம் விதைக்க எவராலும் முடியவில்லை. மூன்று கட்டாவும் குடியின் இஷ்டத்துக்கு வந்தது. உயர்த்திய வாரத்தில் சில தோட்டங்களில் நூற்றுக்கு இருபதும், சிலவற்றில் இருபத்தாறும் தள்ளுபடியாயின. தாவான் பணத்தைப் பற்றிப் பெரிய பேரம் நடந்தது. முழுவதையும் திருப்ப வேண்டும் என்பது குடிகளின் எண்ணம். துரைமாரின் கௌரவம் உடைந்ததே போதும், தொகை பெரிதன்று என்று கருதிய காந்தியடிகள் குறைந்த தொகைக்குச் சம்மதித்தார். அவர் செய்தது சரியா என்பதில் அன்றே அபிப்பிராய பேதம் இருந்தது. நமக்கும் இந்த ஒரு விஷயத்தில் மனம் முழுவதும் சமாதானம் அடையவில்லை. வாங்கிய தாவானில் நூற்றுக்கு இருபத்தைந்து குடிகளுக்குத் திரும்பிற்று. பாக்கி முக்கால் பங்கு திரும்பவில்லை.